பாடகி ஜன்னலோரம் நின்றாள்

எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பாடகி வலப்பக்கமாக ஒதுங்கி, ஜன்னலோரம் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அவளை எப்படியாவது நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடுவது என்று நான் சபதம் எடுத்தேன். மனைவியைக் கேட்காமல் நானாக எடுத்த சபதம். அது எப்படி முடிந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

விபரீதமாக எண்ண வேண்டாம். பாடகி இசைத்தட்டுக்குள் இருப்பவள். அவள் குரல் மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வந்து போகும்.

வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போன நண்பன் ஒருவன், கூடவே தூக்கிக்கொண்டு போக முடியாத இரண்டு பொருள்களை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். இரண்டும் என் தோள் உயரத்துக்கு நிற்கும் மர ஸ்பீக்கர்கள். அதுவரை எங்கள் வீட்டில் பாட்டு என்றால் சமையலறை அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கோடு உட்கார்ந்திருக்கும் சின்ன ரேடியோதான். நண்பன் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். இரண்டையும் சரியான இடத்தில் நிறுத்தி, எதிரே சரியான இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், குரல் ஸ்பீக்கரிலிருந்து வருவதாகவே தோன்றாதாம். இரண்டுக்கும் நடுவில், வெறுங்காற்றில், ஆள் நின்று பாடுவது போலிருக்குமாம். கண்ணை மூடிக்கொண்டால் கைநீட்டித் தொட்டுவிடலாமாம்.

இசைத்தட்டு போடும் கருவி ஒன்றை வாங்கி இணைத்து, நான் நாற்காலி போட்டேன். கண்ணை மூடினேன். பாடகி வந்தாள். நடுவில் நிற்கவில்லை. ஜன்னல் திரைக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, என்மேல் ஏதோ மனத்தாங்கல் உள்ளவள் போல் நின்றாள்.

நான் அறிவியல் முறைப்படி நடந்துகொள்கிறவன். முதலில் வலப்பக்க ஒயரை இடப்பக்கத்துக்கும் இடப்பக்க ஒயரை வலப்பக்கத்துக்கும் மாற்றினேன். பாடகி அசையவில்லை. அப்புறம் ஸ்பீக்கர்களையே கட்டிப்பிடித்து இடம் மாற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பாடகி அசையவில்லை. ஆகவே குற்றம் ஒயரில் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. மிச்சம் இருந்தது அறைதான். வலப்பக்கம் ஜன்னல் கண்ணாடி, இடப்பக்கம் நடைக்குத் திறக்கும் கதவு. ஒருபக்கம் ஒலி முட்டித் திரும்புகிறது, இன்னொரு பக்கம் தப்பித்துப் போகிறது. இப்படிப்பட்ட அறையில் பாவம், பாடகி எங்கே நிற்பாள்? விஷயம் தெரிந்தவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்பீக்கர் பாதி, அறை பாதி.

அந்த அறையோ அப்போது என் மனைவியின் ஆட்சியில் இருந்தது. மழை நாளில் துணி காயப்போடும் கம்பி, இஸ்திரி மேசை, விருந்தாளிக்கு ஒரு கட்டில். என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து, ஃப்ரேம் பொருத்திக் கொடுப்பது அவள் பொறுப்பு. எப்படிப்பட்ட மூக்கின்மேலும் எதையாவது ஏற்றி உட்காரவைத்துவிட்டு, அது தாங்களே ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தது என்று அவர்களை நம்பவைத்து அனுப்பக்கூடியவள். அப்படிப்பட்டவளிடம் போய்த்தான் நான் ஓர் அறை கேட்டேன். அவளும் கொடுத்தாள். எந்த அறை கொடுத்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நான் நீளமாகப் பேசினேன். இசையின் மேன்மையைச் சொன்னேன். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவு மேற்பார்வையாளனாக நாளெல்லாம் இரைச்சலில் நிற்கிறவனுக்கு, வீட்டில் ஒரு மூலையாவது நல்ல ஒலிக்கு வேண்டாமா என்று உருக்கமாகக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டவள், கடைசித் துணியையும் அடுக்கிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அறையை எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. அறை சரியாயிடுச்சு, இதுல ஒரு குறையும் இல்லைன்னு என்னைக்கு உங்க வாயால சொல்றீங்களோ, அன்னைக்கு நான் கூப்பிடற இடத்துக்கு ஒரே ஒரு தடவை வரணும். எங்கேன்னு கேக்கக் கூடாது."

அவளுடைய சொந்தக்காரர் வீடாக இருக்கும் என்று நினைத்தேன். அவர்களில் சிலர் வீட்டுக்குப் போவதைவிட இரும்புக் கம்பியில் துணியோடு துணியாகத் தொங்கலாம். ஆனாலும் உடனே சம்மதித்தேன். காரணம், அந்தக் கணத்திலேயே என் மனதில் ஒரு திட்டம் உருவாகிவிட்டது. அறை சரியாகிவிட்டது என்ற வார்த்தையை நான் விடவே போவதில்லை. இந்தப் பித்துப் பிடித்தவர்களில் இதுவரை ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை. ஒரு குறை போனால் இன்னொரு குறை தெரியும். அறையும் எனக்கு, பயணமும் மிச்சம். கல்யாணமான நாளிலிருந்து அவளை நான் முந்திய முதல் சந்தர்ப்பம் இது என்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

முதல் வைத்தியம் முட்டை அட்டை. எங்கள் தொழிற்சாலையில் முட்டை அட்டையும் தயாராகிறது. கோணல்மாணலாக வந்து ஒதுக்கியதையெல்லாம் மேலிடத்தில் சொல்லிவிட்டுக் கட்டுக்கட்டாக எடுத்துவந்து நான்கு சுவரிலும் ஒட்டினேன். அறை கோழிப்பண்ணை மாதிரி ஆனது. பாடகிக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கடைத்த குரலில், அதே ஜன்னலோரத்தில் நின்று பாடினாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினன் உள்ளே வந்தான். மனைவியின் தம்பி. மேடைக் கச்சேரிக் குழு ஒன்றில் மைக், ஸ்பீக்கர் எல்லாம் அமைத்துக் கொடுக்கிறவன். அக்காள் சொல்லித்தான் வந்ததாகச் சொன்னான். முட்டை அட்டையைப் பார்த்ததும் அவன் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இந்த அட்டை கீச்சென்ற ஒலியை மட்டும் தின்னும், மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிடும் என்றான். ஒலி என்பது சுவரில் மோதிக் கொஞ்சம் பிந்தி வருகிறது, அதனால் ஒரே சொல் காதில் இரண்டு தடவை விழுகிறது, அதுதான் குழப்பம் என்று விளக்கினான். முதல் மோதல் நடக்கிற இடத்தில் துணி போர்த்திய கெட்டிப் பஞ்சுப் பலகை வைக்க வேண்டும். கனத்த ஒலியெல்லாம் மூலையில் போய்த் தூசி மாதிரி அடையும், அங்கே தூண் தூணாகப் பஞ்சு நிறுத்த வேண்டும். பின்சுவரில் மேடும் பள்ளமுமாக ஏதாவது இருக்க வேண்டும், புத்தக அலமாரி போதும்.

அட்டையைப் பிய்த்தோம். சுவரின் பெயின்டும் கூடவே வந்தது. மச்சினன் விடுமுறை நாளெல்லாம் எங்கள் வீட்டில் கிடந்து பலகை அறுத்தான், பஞ்சு திணித்தான், துணி இழுத்துக் கட்டினான். என்மேல் அவனுக்கு இவ்வளவு பிரியம் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

பலகையை எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நான் நாற்காலியில் உட்கார வேண்டும். இன்னொருவர் சுவரோடு சேர்த்து ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் எனக்குக் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி முதலில் மோதுகிறது. கண்ணாடி என் மனைவியின் தொழில். அலமாரியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். ஜன்னல் பக்கச் சுவரில் பிடித்தபோது, இது கனக்கிறது, சீக்கிரம் பாருங்கள் என்றாள். பார்த்தேன், பென்சிலால் குறித்தோம். கதவுப் பக்கச் சுவருக்குப் போனபோது அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. உதடு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மனதுக்குள் ஏதோ பாடுகிறாள் என்று எண்ணினேன். வீட்டிலேயே ஒரு ரசிகை உருவாகிவிட்டாள் என்று பெருமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே என்று அவளுக்குக் கை காட்டினேன்.

பஞ்சுப் பலகைகள் ஏறின. மூலைகளில் தூண்கள் நின்றன. கதவுக்கு விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டி, தடியான திரை போட்டோம். அறைக்குள் நுழைந்தாலே பேச்சு சுருங்கியது. பாட்டைப் போட்டதும் நான் அசந்துபோனேன். சொல் சொல்லாகப் பிரிந்து கேட்டது. பாடகி அடுத்த வரிக்கு முன்னால் மூச்சை இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அந்த மூச்சை அவள் ஜன்னலோரத்தில் நின்றுதான் இழுத்தாள்.

ஜன்னலையே பலகை போட்டு மூடினேன். ஜன்னல் இல்லாத ஜன்னலோரத்தில் நின்றாள்.

இதற்கிடையில் தொழிற்சாலையில் ஒன்று நடந்தது. அட்டைச் சுருள் அடுக்கிய பாதையில் நான் நடந்து போய்க்கொண்டிருந்தேன். யாரோ என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்கள். நான் தடுமாறிச் சுருள்மேல் சாய்ந்தேன். திரும்பிப் பார்த்தால், சுருள் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் என் இடுப்புக்கு அருகே நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, ஹாரன் அடித்தேன் என்றார். நான் அவரை அந்த இடத்திலேயே நிறுத்திப் பேசினேன். ஹாரன் கெட்டுப்போயிருக்கிறது என்றேன். ஹாரன் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் உங்களுக்குக் கண் கெட்டுப்போயிருக்கிறது, முதலில் கண்ணைச் சோதித்துக்கொண்டு வாருங்கள், பிறகு வண்டியில் ஏறுங்கள் என்று உத்தரவு போட்டேன். எங்கே போய்ச் சோதிப்பது என்று கேட்டார். வீட்டுக்காரிக்கு ஒரு வாடிக்கை சேரட்டுமே என்று அவளுடைய கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் அந்த விஷயத்தை மறந்துவிட்டேன். வீட்டில் சொல்லவும் இல்லை. வீணாகப் பயப்படுவாள்.

ஒருநாள் மச்சினன் அளக்கிற மைக் ஒன்றைக் கொண்டுவந்து, நாற்காலியில் என் தலை இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினான். அறை முழுக்க ஊளை மாதிரி ஒரு சத்தத்தை ஓடவிட்டான். லேப்டாப்பில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று இடம், ஒன்று வலம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.

அறை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு மாமா என்றான். மைக் என்பது மனிதக் காது அல்ல என்று நான் விளக்கினேன். அவன் அக்காளைப் பார்த்தான். அக்காள் விட்டத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் காபி போடுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்கள். ஒரு காபி போட இரண்டு பேர் எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டும். அந்தக் கோடுகளைக் காகிதத்தில் எடுத்துத் தரும்படி மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அழகாக இருந்தன.

அடுத்த விடுமுறை நாளில் நான் குளித்துவிட்டு வந்தபோது, பின்னறையில் கிறீச் கிறீச் என்று சத்தம். மனைவி ஸ்டூல் போட்டு ஏறி, திருப்புளியால் ஒரு பஞ்சுப் பலகையின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாய் என்று பதறினேன். அவள் இறங்காமலேயே நிதானமாகச் சொன்னாள். இத்தனை நாள் பார்த்தாகிவிட்டது, இது தேறாத அறை. கட்டும்போதே கோணலாகக் கட்டியிருப்பார்கள். பஞ்சு வைத்தும் பயனில்லை, ஜன்னலை அடைத்தும் பயனில்லை. அந்தப் பெண் நடுவுக்கு வரப்போவதில்லை. இதையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி துணி காயப்போடலாம். தம்பிக்கும் வேலை தெரியவில்லை, உங்களுக்கும் கேள்வி ஞானம் போதாது.

என் அறையை என் முன்னாலேயே அப்படிப் பேசினால் எனக்கு ரத்தம் கொதிக்காதா? அந்தக் கோட்டுக் காகிதத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாரு. இது இடம், இது வலம். எங்கேயாவது ஒரு பிசகு இருக்கா? இந்தத் தெருவுல இல்லை, இந்த ஊரிலேயே இப்படி ஒரு அறை கிடையாது. கோணலாம். தேறாதாம். இந்த அறையில ஒரு குறையும் இல்லை."

சொல்லி முடித்த பிறகு அறை ரொம்ப அமைதியாக இருந்தது. எதிரொலியே இல்லாத அறை. சொன்ன சொல் திரும்பி வருவதில்லை.

அவள் திருப்புளியை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு இறங்கினாள். ஜெயித்த முகம் இல்லை. கடையில் யாரையோ நாற்காலியில் உட்காரவைத்து, கொஞ்சம் நேராகப் பாருங்கள் என்று சொல்லும்போது அவளுக்கு ஒரு முகம் உண்டு. அந்த முகம்.

"அறையில குறை இல்லைன்னா அவ ஏங்க ஜன்னல்கிட்ட நிக்கறா?"

அவள் பாட்டைப் போட்டாள். என்னை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியை அப்படியே திருப்பி, முதுகு ஸ்பீக்கர் பக்கமும் முகம் புத்தக அலமாரிப் பக்கமுமாக வைத்தாள். உட்காருங்க, கண்ணை மூடிக்குங்க என்றாள்.

உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன்.

இத்தனை நாளும் ஜன்னலோரம் நின்றவள் இப்போது கதவோரம் வந்து நின்றாள். பஞ்சு அங்கேயேதான் இருந்தது. சுவர் நகரவில்லை. ஸ்பீக்கர் நகரவில்லை. திரும்பியது நான் ஒருவன்தான். என் வலக்காது எந்தப் பக்கம் போனதோ, அந்தப் பக்கம் அவளும் கூடவே வந்துவிட்டாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தோன்றியது. பாட்டு முடிகிற வரைக்கும் அப்படியே இருந்தேன்.

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஸ்பீக்கர் வருவதற்கு முன்பிருந்தே தெரியுமாம். தெருவில் நடக்கும்போது எப்போதும் அவளை வலப்பக்கம் வரச்சொல்வேனாம், போனை வலக்காதில்தான் வைப்பேனாம். முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

"சொன்னேன். கண்ணாடி பிடிச்சப்பக்கூடக் கதவுப் பக்கம் நின்னு சொன்னேன். உங்களுக்கு இடக்காது கேக்கலைங்க, பிடிவாதமும் ஜாஸ்தி, எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். நீங்க இன்னும் கொஞ்சம் மேலன்னு கை காட்டினீங்க."

கழற்றிய திருகை எடுத்துப் பலகையில் மறுபடி முடுக்கிக்கொண்டே மீதியைச் சொன்னாள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், இப்போதெல்லாம் பேப்பரில் எழுத்தைச் சின்னதாக அடிக்கிறார்கள் என்றுதான் வருவார்களாம். பார்வை குறைந்திருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்களாம். அதனால் அவள் மறுத்துப் பேசுவதே இல்லையாம். ஆமாம், அச்சு மோசம்தான் என்று ஒப்புக்கொண்டு, பெரிய எழுத்தாக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கொடுப்பாளாம். குறை சொல்ல எழுத்து தீர்ந்துபோகும்போது அவர்களே கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார்களாம். "உங்களுக்குக் குறை சொல்ல ஒரு அறையே இருந்துச்சு. அதைத் தீர்க்கறதுக்குக் கொஞ்சம் நாளாயிடுச்சு."

திருகு முழுதாக உள்ளே இறங்கிவிட்டது. அவள் இன்னும் முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க அனுப்பினீங்களே, வண்டி ஓட்டறவர். அவர் கண்ணுல ஒண்ணும் இல்லை. ஹாரனை அழுத்தின கையை எடுக்கவே இல்லையாம். நீங்க திரும்பலையாம். மெஷின் இரைச்சல்ல, இடப்பக்கத்துலேருந்து வந்தாராம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து நீங்க சாப்பிட்டீங்க, பாட்டுக் கேட்டீங்க. நான் உள்ளே போய் உக்காந்துட்டேன்."

நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த திருப்புளியை வாங்கி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கே போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டேன்.

காது சோதிக்கும் இடத்தில் என்னை ஒரு சின்னப் பெட்டி அறைக்குள் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தியதும் நான் அசந்துபோனேன். சுவர் முழுக்கக் கெட்டிப் பஞ்சு, கதவில் இரட்டை ரப்பர், தரையில்கூட மெத்தென்ற விரிப்பு. என் மூச்சு எனக்கே கேட்டது. வாழ்நாளில் நான் உட்கார்ந்த அறைகளிலேயே மிகச் சரியான அறை அதுதான். பஞ்சு எத்தனை கனம், துணிக்குப் பின்னால் காற்று இடைவெளி விட்டிருக்கிறீர்களா என்றெல்லாம் விசாரித்தேன். சோதிக்கும் பெண் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, காதில் ஹெட்ஃபோனைப் பொருத்தி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும்.

வலக்காதுக்கு ஒன்றும் சிரமம் இல்லை. இடக்காது முறை வந்தபோது ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. ஆனால் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அவள் இயந்திரத்தில் விசையை அழுத்துவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கை அசையும்போதெல்லாம் நான் பொத்தானை அழுத்தினேன். என் இடக்காது வெகு வேகமாகக் குணமாகி வந்தது. கொஞ்சம் போனதும் அந்த ஜன்னலில் ஒரு முதுகு வந்து நின்று வெளிச்சத்தை மறைத்தது. புடவையின் நிறத்தைப் பார்த்ததும் யார் முதுகு என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என் பொத்தான் மௌனமாகிவிட்டது.

டாக்டர் படத்தைக் காட்டினார். இங்கேயும் இரண்டு கோடுகள். ஒன்று மேலேயே சமமாக நடந்து போனது, இன்னொன்று பாதி வழியில் படிக்கட்டில் உருண்டது. எந்த மாதிரி வேலை என்று கேட்டார். சொன்னேன். வெட்டும் இயந்திரம் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். தினமும் அதே இடத்தில்தான் நிற்பீர்களா என்றார். நான் ரொம்ப ஒழுங்கான ஆள், இடம் மாறி நின்றதே இல்லை என்று சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம், கருவி வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார். வேலையில் நிற்கும்போது இரண்டு காதுக்கும் அடைப்பான் இல்லாமல் நிற்கக் கூடாது என்றும் சொன்னார். கருவியின் நிறத்தை என் மனைவி தேர்ந்தெடுத்தாள். அதை என் காதுக்குப் பின்னால் பொருத்திவிட்டு, எட்ட நின்று பார்த்து, உங்களுக்காகவே செஞ்சது மாதிரி இருக்கு என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதலில் எல்லாமே இரைச்சலாக இருந்தது. செருப்புச் சத்தம், ஃபிரிட்ஜின் உறுமல், காகிதம் கசங்குவது, என் தாடியைச் சொறிவது. குழாய் ஒழுகிக்கொண்டிருப்பது தெரிந்தது. அது வெகுநாளாக ஒழுகுகிறதாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. ஒரு சாயங்காலம் பின்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன்.

பாடகி நடுவில் நின்றாள். எனக்கு நேர் எதிரே, ஒரு மனத்தாங்கலும் இல்லாமல் நின்று பாடினாள். அவளுக்குப் பின்னால் இடப்பக்கம் ஒரு புல்லாங்குழல் ஒலித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அங்கே ஒரு புல்லாங்குழல் இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. மனைவி வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் அழுததாக அவள் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதை மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மச்சினனும் அவனுடைய கச்சேரிக் குழுவும் இறங்கினார்கள். டிரம்ஸ் இறங்கியது. பெரியது, சின்னது, நிற்பது, தொங்குவது என்று அது இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாம் வரிசையாக என் பின்னறைக்குள் போயின. என் நாற்காலி வெளியே வந்தது.

நான் சமையலறைக்கு ஓடினேன். மனைவி எல்லாருக்கும் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"ஒத்திகைங்க. வாராவாரம் இங்கதான். இந்த மாதிரி அறை ஊரிலேயே கிடையாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னு தம்பிக்கு ஒரே சந்தோஷம்."

"யாரைக் கேட்டு?"

"உங்களைத்தான். பஞ்சு வைக்கறதுக்கு முன்னாடியே கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. தம்பி குழு இங்க வந்து வாசிச்சுக்கட்டுமான்னேன். 'ம்'னு தலையாட்டினீங்க."

நீ எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். அவள் காபித் தம்ளரை என் கையில் கொடுத்தாள். நான் இடக்காதுப் பக்கம் கையைக் கொண்டுபோவதைப் பார்த்துவிட்டு, பழகுகிற வரைக்கும் கருவியைக் கழற்றவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதை நினைவுபடுத்தினாள். பிறகு என் இடப்பக்கமாக வந்து, ரொம்ப மெல்லிய குரலில், அவங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடுங்க என்றாள். உள்ளே டிரம்ஸ் ஆரம்பித்தது.

"ம்" என்றேன். என் இடக்காது முழுதாகக் கேட்டுச் சொன்ன முதல் "ம்" அது.